மாடியில் ஒரு கையசைப்பு

கட்சியைத் தொடங்கிய தலைவருக்கு ஆறு மாதமாகக் கைகால் விளங்கவில்லை. ஆனாலும் தேர்தல் வந்துவிட்டதால், காலையில் மகனின் அணிக்கும் மாலையில் மருமகனின் அணிக்கும் அவர் மாடியிலிருந்து தவறாமல் கையசைத்தார். திரைக்குப் பின்னால் மறைந்து நின்று, அந்தக் கையை முழங்கையோடு பிடித்துத் தூக்கி ஆட்டுபவள் நர்ஸ் ஜெபக்கனி. இன்று தலைவருடைய தோள் வீங்கியிருந்தது.

"இனிமே தூக்க மாட்டேன் சார். தொட்டாலே துடிக்கிறாரு."

"மாப்ள ஆளுங்களுக்கு நேத்து மூணு நிமிஷம் ஆட்டுனீங்களே சிஸ்டர், எனக்கு மட்டும் வலியா?" என்று மகன் பல்லைக் கடித்தான். "பத்து லாரி ஜனம் நிக்குது. தூக்குங்க!"

ஜெபக்கனி குனிந்து தலைவரின் காதருகே கேட்டாள்: "ஐயா, போதுமா?"

அவர் கண்களை இறுக மூடித் திறந்தார்.

அவள் திரையை ஒரே இழுப்பில் விலக்கினாள். வெள்ளைச் சீருடையோடு எல்லோரும் பார்க்க முன்னால் வந்து, அந்தக் கையை எடுத்து அவர் மடியில் பதமாக வைத்தாள். பிறகு களிம்பைத் திறந்து, அவசரமில்லாமல் தோளில் தடவத் தொடங்கினாள்.

கீழே 'வாழ்க' கோஷம் பாதியில் நின்றது. பதிலுக்கு அசைக்கத் தூக்கிய ஆயிரம் கைகள் இறங்கத் தெரியாமல் அப்படியே நின்றன.