ஏற்காட்டுப் பேய் பங்களா

காலாண்டு விடுமுறை வந்தால் நாங்கள் ஏற்காட்டுப் பேய் பங்களாவுக்குத்தான் போவோம். அங்கே யார் போனாலும், அவரவர் வீட்டில் இறந்தவரின் உருவில்தான் பேய் வரும். எங்களுக்கு வருவது ஆறு வயதில் காய்ச்சலில் போன எங்கள் மகன் முகிலன்.

இது நான்காவது வருடம். "இத்தோட போதுங்க, என்னால முடியலை," என்று காரிலேயே சொல்லிவிட்டேன். என் கணவர் சேந்தன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாம வரலைன்னா அவன் தேடுவான், வசந்தி."

பங்களா வாசலில் டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண், "இப்ப பத்து வயசு ஆகியிருக்குமே, வளர்த்துக் காட்டவா சார்?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. அப்படியே இருக்கட்டும்."

மாடிப்படியடியில் அதே நீலச் சட்டையோடு முகிலன் நின்றான். "வா பாப்பா, ஒளிஞ்சு விளையாடலாம்," என்றான். எங்கள் ஏழு வயது மகள் தென்றல் அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் அவள் காது உயரம்தான் இருந்தான்.

"அப்பா, இப்ப நான்தானே பெரியவ? இவனை இன்னும் அண்ணான்னுதான் கூப்பிடணுமா?"

சேந்தன் இருவரின் உயரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகிலன் முன்னால் மெல்ல மண்டியிட்டார். வருடா வருடம் "போயிட்டு வரோம்" என்று சொல்லிப் புறப்படுகிறவர், "போறோம் கண்ணா," என்றார்.