கை நனைக்காத விருந்தாளிகள்

"சண்முகப்பிரியா வீடு இதுதானுங்களா?"

வாசலில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நின்றிருந்தார்கள். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. அந்த அம்மாள் தோளில் பெரிய பை. சாலையோரம் வாடகைக் கார்.

வேலம்மா பார்த்ததுமே புரிந்துகொண்டாள். பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குடும்பம். 'இந்த வாரத்துல எப்ப வேணாலும் சொல்லாமக் கொள்ளாம வருவாங்க' என்று தரகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெண்ணைப் பிடித்துப்போனால் அன்றைக்கே பூ வைத்துவிடுவார்களாம். பூ வைத்த பெண்ணை ஊர் தாண்ட விடமாட்டேன் என்று வேலம்மாவின் கணவன் நல்லுசாமி கறாராகச் சொல்லியிருந்தான்.

மகள் பிரியாவுக்கு மதியம் இரண்டு மணிக்குப் பஸ். பிறகு திண்டுக்கல்லில் ரயில். டெல்லியில் தேசிய சைக்கிள் போட்டி. மூன்று கிலோமீட்டர் பந்தயத்தில் போன வருடம் நாலாவதாக வந்தாள். இந்த வருடம் முழுக்க, பள்ளிக்கூட லேப் வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தாள். பெருமாள்மலையில் சமதரைக்கு எங்கே போவது? பின்னறையில் உருளைகளைப் போட்டு, அவற்றின் மேல் நின்ற இடத்திலேயே ஓட்டினாள்.

"உள்ள வாங்க. காப்பி போடுறேன்."

"வேண்டாங்க. போற இடத்துல நாங்க கை நனைக்கிறதில்ல" என்றாள் அந்த அம்மாள்.

சம்பந்தம் முடிவாகும்வரை நனைக்க மாட்டார்கள். அது வேலம்மாவுக்குத் தெரியாதா?

"எதுக்கு வந்திருக்கோம்னா..." என்று ஆரம்பித்தார் கூட வந்தவர்.

"தெரியும்ங்க. வீட்டுக்காரரு சொன்னாரு."

"அப்ப நல்லதாப் போச்சு. பிரியாவைக் கூப்பிடுங்க."

"கன்னிவாடிக்குப் போயிருக்கா. அவ சித்தி வீட்டுக்கு."

பின்னறையிலிருந்து உய்யென்று சத்தம் வந்தது.

"அது என்னங்க சத்தம்?"

"கிரைண்டருங்க. மாவு ஆடுது."

சத்தம் கூடிக்கொண்டே போனது. நடுவில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"கிரைண்டர் ரொம்ப வெரசா ஓடுதே" என்றார் அவர்.

வேலம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இனி ஒளித்துப் பயனில்லை.

"பொண்ணு உள்ளதான் இருக்கா. ஆனா உங்க முன்னாடி வரமாட்டா. மதியம் போட்டிக்குக் கெளம்புறா."

"அது தெரிஞ்சுதாங்க வெள்ளனே வந்தோம். கெளம்புறதுக்கு முன்னாடி பார்த்தாகணும்."

"யாரு சொன்னா, எங்க வீட்டுக்காரரா?"

"அதைச் சொல்ல முடியாதுங்க."

"போயிட்டு வரட்டும். அப்புறம் பாருங்க."

"அதெல்லாம் எங்க வழக்கத்துல கெடையாது. பொண்ணு சங்கடப்படுமேன்னுதான் நானும் கூட வந்திருக்கேன்" என்றாள் அந்த அம்மாள்.

"அவளுக்கு இஷ்டமில்லைங்க."

"இது இஷ்டப்பட்டு வர்ற விஷயம் இல்லம்மா" என்றார் அவர்.

வேலம்மாவுக்குச் சுரீரென்றது. "அது சரி! ஆடு மாடு பிடிக்க வந்தவுக மாதிரில்ல பேசுறீக."

அவர் கோபப்படவில்லை. "வரமாட்டேன்னு சொன்னா பின்னால ரொம்ப வருத்தப்படுவீங்க. யோசிச்சுக்கங்க."

"யோசிச்சாச்சு."

"சரி. அவங்க வாயாலயே சொல்லட்டும். எங்க காதுல விழுந்தாப் போதும்."

வேலம்மா போய்ப் பின்னறைக் கதவை ஒருக்களித்தாள். பிரியா வியர்வை சொட்டச் சொட்ட மிதித்துக்கொண்டிருந்தாள். துணியில் சுற்றிய பந்தயச் சக்கரங்கள் சுவரோரம் தயாராக இருந்தன.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்கடி. பழனிக்காரங்க. உன்னைப் பார்க்காம நகர மாட்டேங்குறாங்க" என்று கிசுகிசுத்தாள் வேலம்மா.

"இன்னிக்கா? இன்னும் நாலு நிமிஷம் இருக்கும்மா. நிறுத்த முடியாது."

"அதை நீயே சத்தமாச் சொல்லிரு."

பிரியா வேகத்தைக் குறைக்காமல் கத்தினாள். "நான் வரமாட்டேன்! முடியாது! அவங்களைப் போகச் சொல்லு!"

வேலம்மா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். "கேட்டீங்கள்ல?"

"கேட்டுச்சுங்க."

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மணியைப் பார்த்து எழுதினார். அந்த அம்மாளும் கையெழுத்துப் போட்டாள்.

"பொண்ணு மறுத்திருச்சுன்னு எழுதியிருக்கேன். சாட்சிக்கு நீங்களும் போடுறீங்களா?"

"தாராளமா." இங்கிலீஷில் என்ன எழுதியிருந்தால் என்ன? வேலம்மா தன் பெயரைத் தமிழில் அழுத்தமாக எழுதினாள். அவர் ஒரு நகலைக் கிழித்துக் கொடுத்தார்.

படியிறங்கும்போது அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "நல்லா ஓட்டுற புள்ளைன்னு சொன்னாங்க. பாவம்."

கார் மலையிறங்கி வளைவில் மறைந்தது. வேலம்மாவுக்கு நெஞ்சு லேசானது. நல்லுசாமி சாயங்காலம் காப்பித் தோட்டத்திலிருந்து வந்து குதிப்பான். குதிக்கட்டும். அதற்குள் பிள்ளை ரயிலில் இருப்பாள்.

பின்னறையில் சத்தம் நின்றது. பிரியா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள்.

"போயிட்டாங்களாம்மா?"

"வெரட்டிட்டேன்ல! இப்படியும் ஒரு சம்பந்தமா? வேண்டாம்னு சொன்னதைக்கூட எழுதி வாங்கிட்டுப் போறாங்க. இந்தா, நீயே பாரு."

பிரியா தாளை வாங்கிப் படித்தாள். மறுபடி மேலிருந்து படித்தாள். வாசலுக்கு ஓடி வளைவுவரை பார்த்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாப்பிள்ளை வீடு இல்லம்மா. ஊக்கமருந்து எடுத்திருக்கேனான்னு பார்க்க, யூரின் சாம்பிள் வாங்க வந்தவங்க. குடுக்க மாட்டேன்னு சொன்னா நாலு வருஷத்துக்கு எந்தப் போட்டியிலயும் ஓட்ட விடமாட்டாங்க."