கரண்டி அடிக்கு ஒரு சத்தம்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. சின்னக் கதைதான், கையில் இருக்கும் காபி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். காதை மட்டும் இங்கே கொடுங்கள்.

"மண்டையிலேயே போடும்மா! தடவிக் கொடுக்கிற மாதிரி இருக்கு. ஓங்கிப் போடு!"

அவள் வளையல்களைக் கழற்றி ஓரமாக வைத்தாள். இரும்புக் கரண்டியை இரண்டு கையாலும் ஓங்கி, ஈரத் துண்டு சுற்றிய மண்டையில் 'ணங்'கென்று இறக்கினாள். மண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து உருண்டது.

பதறாதீர்கள். உருண்டது பூசணிக்காய். இடம், டி.வி. தொடர்களுக்குச் சத்தம் பதிவு செய்கிற அறை.

காலடி, கதவு, கன்னத்தில் விழும் அறை என்று திரையில் நடப்பதற்கெல்லாம் கையால் சத்தம் செய்து கொடுப்பது அவள் வேலை. 'சத்தக்காரி' என்றுதான் அங்கே எல்லோரும் கூப்பிடுவார்கள். நடப்பதோ பூனை மாதிரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளன். மலை போல உடம்பு, கடா மீசை, அதனால் 'பயில்வான்'. சத்தத்தை ஏற்றி இறக்கும் பொத்தான்கள் அவன் விரலுக்கு நாய்க்குட்டிகள் போல அடங்கிக் கிடக்கும். அன்றைக்கு மட்டும் என்ன கேடோ, எடுத்த கரண்டி அடியெல்லாம் பாழ்.

"போச்சு! மறுபடியும் அடி கேக்கவே இல்ல." டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "எங்கயோ எலி தும்மின மாதிரி இருக்கு. சீன்ல அவ்ளோ பெரிய மீசைக்காரன் பொண்டாட்டிகிட்ட கரண்டியால வாங்கறான்யா! அது 'ணங்'னு கேட்டாத்தானே ஜனம் சிரிக்கும்?"

"சாரி சார். இன்னொண்ணு போயிடலாம்" என்றான் பயில்வான்.

"எத்தனை இன்னொண்ணு? காலையில கதாநாயகி வாங்கின அறையை ஒரே டேக்ல எடுத்தியே, அந்தக் கை எங்க போச்சு?"

அது உண்மைதான். கதாநாயகியின் கன்னத்துக்காகச் சத்தக்காரி தன் தொடையிலேயே அறைந்து கொடுத்தாள். அதன் மேல் சோக வயலின் ஏறும். சாயந்தரம் வீட்டுக்கு வீடு மூக்கைச் சிந்துவார்கள்.

கரண்டி அடிக்கு மேல் ஏறப்போவது ஒரு 'டொய்ங்'. பெண் வாங்கினால் வயலின், ஆண் வாங்கினால் டொய்ங் என்பது அந்தத் தொழிலின் எழுதாத சட்டம். இரண்டு அடியும் அவள் கை போட்டதுதான். அதைப் பற்றி அவளும் ரொம்ப யோசித்ததில்லை.

"நாளைக்கு இது டி.வி.யில வந்தாகணும். டீ குடிச்சிட்டு வரேன். வந்து எடுக்கறதும் இதே மாதிரி இருந்துச்சுன்னா, வேற ஆளைப் போட்டுடுவேன் பயில்வான். முகதாட்சண்யம் எல்லாம் பார்க்க முடியாது." டைரக்டர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

சத்தக்காரி உருண்ட பூசணிக்காயை எடுத்து நேராக வைத்தாள். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலை போனால் பயில்வான் எங்கே போவான்?

"தம்பி, அவர் வரதுக்குள்ள ஒரு ஒத்திகை பார்த்துடலாம் வா" என்றாள். இந்தத் தடவை அவள் பூசணிக்காயைப் பார்க்கவில்லை. கரண்டியை ஓங்கிக்கொண்டே கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தாள்.

கரண்டி மேலே போனதும் அவன் கண் இறுக மூடியது. அடி விழுவதற்கு முன்பே விரல் பொத்தானைக் கீழே இழுத்துவிட்டது.

கரண்டியும் கையுமாக அவள் அவன் அறைக்குள் நுழைந்தாள். அவன் நாற்காலி விருட்டென்று ஒரு முழம் பின்னால் உருண்டது.

"அட, உன்னையா அடிக்க வந்தேன்?" அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இல்லக்கா... நாற்காலிச் சக்கரம் சரியில்ல."

"ஆனை சைஸ்ல இருந்துக்கிட்டு ஒரு கரண்டிக்கா இந்த நடுக்கம்? உன் பொண்டாட்டி வீட்ல சமைக்கிறப்போ கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவியா?"

வழக்கமாக அவள் ஒரு கிண்டல் செய்தால் பதிலுக்கு அவன் நாலு செய்வான். இப்போது பல்லை மட்டும் காட்டினான். அவள் கரண்டியை மேஜையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சரிப்பா, விளையாட்டு போகட்டும். வேலையே போயிடும் போல இருக்கு. அடி எறங்கற நேரம் பார்த்து எதுக்கு சத்தத்தைக் குறைக்கிறே? என்கிட்டகூடச் சொல்லக் கூடாதா?"

அவன் மீசையைத் தடவினான். மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு கண்ணாடிக்கு அப்பால் கிடந்த பூசணிக்காயைப் பார்த்தபடி, குரலே எழும்பாமல் சொன்னான்.

"வீட்ல அவ என்னை அடிக்க ஓங்கறப்பல்லாம் சத்தம் வெளிய போகாமப் பார்த்துக்கிட்டே பழகிடுச்சுக்கா... அடுத்த ரூம்ல புள்ளைங்க தூங்குமே."

கண்ணுகளா, உங்கள் வீட்டுக் கரண்டி பரிமாற மட்டுமே எழட்டும். உங்கள் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கட்டும்.