ராணியின் மூன்றாவது குழாய்

"உட்கார்ந்தா எந்திரிக்க முடியல மேடம். எந்திரிச்சா உட்கார முடியல. இடுப்பெலும்பு இடம் மாறிப் போன மாதிரி இருக்கு."

வெங்கடசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹெப்பகோடியில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளர். அதற்கு முன்னால் இருபது வருஷம் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மாடு, எருமை, ஒரு தடவை கோயில் யானை. எதுவும் அவரை உதைத்ததில்லை.

"ஒட்டகம் உதைச்சு மூணு வாரம் ஆச்சே அண்ணா. இன்னுமா வலிக்குது?" என்றாள் அங்கே ஆராய்ச்சி செய்யும் தர்ஷினி. கண் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை.

"நீங்க ஏசி ரூம்ல உட்கார்ந்து ரத்தத்தைப் பார்க்கறீங்க. நான் ஒட்டகத்தைப் பார்க்கறேன். மொதக் குழாய் ரத்தம் எடுக்கப் போனேன், தோள்ல கடி. ஆறு மாசம் கழிச்சு ரெண்டாவதுக்குப் போனேன், அதே தோள்ல கடி. மூணாவதுக்கு உதை. வீட்டுல தவிட்டு ஒத்தடம் குடுக்கறா. குடுக்கும்போதெல்லாம் சிரிக்கறா."

"ராணிக்கு ஜீன்தான் மாறுதுன்னு பார்த்தேன். குணமும் மாறுது போல."

கல்யாண ஊர்வலத்துக்கு ஒட்டகம் வாடகைக்கு விடும் பாய் ஒருவரின் கொட்டகையில் நிற்கும் ஒட்டகம்தான் ராணி.

"அப்படி என்னதான் மேடம் இருக்கு அது ரத்தத்துல?"

"டி செல்னு ஒண்ணு இருக்குண்ணா. உடம்புக்கு வாட்ச்மேன் மாதிரி. கிருமியைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க அதுக்கு மேல ரிசெப்டர் இருக்கும். முக்கால்வாசி மிருகத்துக்கு அந்த ரிசெப்டரோட ஜீன் ஒரு தடவை அமைஞ்சா அவ்வளவுதான். ஒட்டகத்துக்கு அதுக்கப்புறமும் அந்த ஜீன்ல அங்கங்க எழுத்து மாறும். ஒரே ஒட்டகத்துல ஒரு வருஷத்துல எவ்வளவு மாறுதுன்னு பார்க்கத்தான் மூணு குழாய்."

"இன்னிக்கோட முடிஞ்சிடுமா? இனிமே நான் ஊசியோட அங்க போக வேண்டாமில்ல?"

"ரங்கநாதன் சார் சரின்னா முடிஞ்சது."

"சரின்னு சொல்லலைன்னா?"

"திரும்ப ரத்தம்."

வெங்கடசாமி இடுப்பைத் தடவிக்கொண்டு கண்ணை மூடினார். உதடு மட்டும் அசைந்தது. எந்தச் சாமி என்று தெரியவில்லை.

கதவைத் திறந்துகொண்டு ரங்கநாதன் வந்தார். அந்தக் கூடத்துக்குத் தலைவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. குனிந்து திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"முதல் குழாய்க்கும் ரெண்டாவதுக்கும் கொஞ்சம் வித்தியாசம். சரி, எதிர்பார்த்ததுதான். மூணாவது என்னம்மா இப்படி இருக்கு?"

"நாலு தடவை ஓட்டிப் பார்த்துட்டேன் சார். அப்படியேதான் வருது."

"இவ்வளவு மாறுதலை நான் எந்தப் பேப்பர்லயும் படிச்சதில்ல." அவர் முகத்தில் பல் தெரிந்தது. "வெளிநாட்டுக் கூட்டத்துல நீயே போய்ப் பேசு. டிக்கெட் நான் பார்த்துக்கறேன்."

தர்ஷினி தயாராக வாங்கி வைத்திருந்த மைசூர்பாக் டப்பாவைத் திறந்தாள். ரங்கநாதன் ஒன்றை எடுத்துக்கொண்டு வெங்கடசாமியின் தோளில் தட்டினார். கடிபட்ட தோள்.

"உங்க உழைப்புதான்யா இது."

"அப்ப முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சது. ஒட்டகத்தை இனிமே கல்யாண ஊர்வலத்துல பார்த்தா போதும்."

வெங்கடசாமிக்கு இடுப்பு வலி பாதி குறைந்துவிட்டது. இரண்டு மைசூர்பாக் எடுத்துக்கொண்டார். ஒன்று வீட்டுக்கு.

"ரிப்போர்ட்ல ஒரு வரி எழுதணும், வழக்கமானதுதான்," என்று ரங்கநாதன் பேனாவைத் திறந்தார். "மூணு குழாயும் ராணிகிட்ட எடுத்ததுதானே?"

"லேபிள்ல ராணின்னு மேடம் முன்னாடியே ஒட்டிக் குடுத்துட்டாங்க சார். ஆனா ரெண்டு தடவை கடிச்ச சனியன்கிட்ட மூணாவது தடவை எவன் போவான்? பக்கத்துல ஒண்ணு சாதுவா படுத்திருந்துச்சு, அதுகிட்ட எடுத்தேன். எல்லாம் ஒட்டகம்தானே. அது உதைக்கும்னு யாருக்குத் தெரியும்?"

ரங்கநாதன் கையிலிருந்த மைசூர்பாக்கைத் திரும்ப டப்பாவில் வைத்தார். தர்ஷினி ஒரு காலிக் குழாயை எடுத்து வெங்கடசாமியிடம் நீட்டினாள்: ராணியிடமிருந்து இன்னும் ஒரு குழாய் ரத்தம் பாக்கி.