இரும்புத் தொண்டை அரக்கன்

“அடுத்த அத்தியாயத்தில என்னைக் கொன்னுபோடுவான், சாரதா. பார்த்துக்கொண்டிரு!”

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி சொன்னார் துரைசிங்கம். மலேசியாவின் ஈப்போவிலிருந்து பீடோருக்குக் கார் பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி சாரதாதேவி கைப் பெருவிரலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“மெதுவாப் போங்கோ. கதைதானே?”

“கதையா? எங்கட வீடு அது!”

மகன் மிதுலன் வீட்டைவிட்டுப் போய் ஒன்றரை வருஷமாகிறது. எஸ்டிபிஎம் பரீட்சையில் பையன் கோட்டைவிட்டான். இவருக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் உயிராய்ச் சேர்த்த மாயாஜாலக் கதைப் புத்தகங்களையெல்லாம், ‘சூராட் கபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கூவி வரும் பழைய பேப்பர் வேனில் ஏற்றிவிட்டார். அன்று மாலையே அவன் கிளம்பிவிட்டான். போன் நம்பரும் மாறிவிட்டது.

நாலு மாதத்துக்கு முன்னால், மாயாஜாலக் கதைப் பிரியர்கள் கூடும் இணையதளத்தில் வரும் ஒரு தொடர்கதையை, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகச் சொல்லிச் சாரதா காட்டினாள். எழுதுபவர் பெயர் வெறும் புனைபெயர். அதில் ஓர் அரசன், இளவரசனின் கதைகளையெல்லாம் இரும்புத் தொண்டையால் தெருத்தெருவாய்க் கூவும் அரக்கனுக்குத் தீனியாகப் போடுகிறான்.

வாசகர்கள் கதைக்குக் கீழே கருத்துப் போட்டு மல்லுக்கட்டினார்கள். ஏதோ ஆங்கிலப் படத்து டிராகன் என்றான் ஒருவன். பழைய காப்பியத்துப் பூதம் என்றாள் இன்னொருத்தி. துரைசிங்கத்துக்கு மட்டும் பார்த்தவுடன் புரிந்தது. அது பேப்பர் வேன் என்று வேறு யாருக்குத் தெரியும்?

மாயாஜாலம் என்றாலே முகம் சுளித்த மனுஷன், அன்றிலிருந்து வரிவரியாகத் துப்புத் துலக்கினார். வெள்ளைக் கல்மலைகள் ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள். சாய்கிற சிம்மாசனம் அவருடைய சாய்வு நாற்காலி. மறுநாள் விடிந்ததும் அரசன் மனம் பொறுக்காமல் வெறுங்காலோடு அந்த அரக்கனைத் துரத்திக்கொண்டு ஓடிய இடம் வந்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“என்ர பிள்ளை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறான், பார்!”

நேற்று வந்த அத்தியாயம்தான் அவரைக் காரில் ஏறவைத்தது. ‘அரசனுக்குக் கடைசி மூச்சு. இளவரசனுக்குக் கடைசிக் கப்பல். நாளை நண்பகல் பச்சைக்கனிக் கோட்டையில் காணாவிட்டால், இனி ஒருபோதும் இல்லை.’

பச்சைக்கனி என்றால் கொய்யாதான். கோலாலம்பூர் போகும்போதெல்லாம் சின்ன மிதுலன் அடம்பிடித்துக் காரை நிறுத்தவைத்த பீடோர் கொய்யாக் கடைகள்தான் கோட்டை.

“வெளிநாட்டுக்குப் போகப் போறான், சாரதா. என்ர கண்ணிலேயே படாமல் போயிடுவான்.” அவர் ஆக்சிலரேட்டரை இன்னும் மிதித்தார்.

பீடோரில் காரை நிறுத்தி, கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினார். கடை கடையாகத் தேடினார். கைபேசியில் மகன் படத்தைக் காட்டிக் கேட்டார். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். பன்னிரண்டு தாண்டிவிட்டது. காலியாகக் கிடந்த பழப்பெட்டிமேல் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“போயிட்டான். நானே தொலைச்சுப்போட்டன்.”

“அப்பா!”

நிமிர்ந்தார். தாடியும் தோள்பையுமாக, மூச்சு வாங்க மிதுலன் நின்றான். வந்ததும் வராததுமாக அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

“ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே? ராஜாவுக்குக் கடைசி மூச்சுன்னு படிச்சதும் எனக்கு உயிரே போயிருச்சுலா. கேஎல்லருந்து பஸ் புடிச்சு ஓடி வாரேன்!”

“படிச்சியா? கப்பலேறப் போறன் எண்டு நீதானே எழுதினாய்?”

“நானா? எங்கிட்ட பாஸ்போட்டே இல்லப்பா. நீங்க எழுதுறீங்கன்னுல்ல நெனச்சேன்! நான் போன மறுநாள் நீங்க வேன் பின்னால ஓடுனதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?”

துரைசிங்கம் காரைத் திரும்பிப் பார்த்தார். மிதுலனும் பார்த்தான்.

சாரதாதேவி பெருவிரலை நீவிக்கொண்டே மெல்ல இறங்கி வந்தாள்.

“போனில தட்டித் தட்டி எனக்கு விரல் வீங்கிப் போச்சு. இனி நீங்க ரெண்டு பேரும் நேரில பேசுங்கோ.”