முடிவுரை இல்லாத கட்டுரை

சிவப்புப் பேனா தாளுக்கு மேலே அப்படியே நிற்கிறது.

மதிய இடைவேளை. ஆசிரியர் அறையில் அவள் மட்டும். சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு மாதத் தேர்வு. கட்டுரைத் தலைப்பு, மறக்க முடியாத நாள்.

இதுவரை திருத்திய தாள்களில் எல்லாரும் மாமாவுடன் கொடைக்கானல் போயிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே ஏரி. ஒரே மூடுபனி. கரும்பலகையில் அவள் எழுதிப்போட்ட மாதிரிக் கட்டுரை அது.

அவளும் கொடைக்கானல் போனதில்லை.

எழுத்துப் பிழைகளை வட்டமிட்டாள். முடிவுரைக்கு மதிப்பெண் போட்டாள். கை தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

பிறகு இந்தத் தாள்.

முன்னுரை இல்லை. பத்தி பிரிக்கவில்லை. முழுக்கப் பேச்சு வழக்கு. ஒரு முற்றுப்புள்ளிகூடக் கிடையாது.

முதல் வரியில் நிறைய வட்டங்கள். இரண்டாவது வரியில் ஒன்று.

அதற்குக் கீழே வட்டம் எதுவும் இல்லை.

'காத்து மாறிடுச்சு எல்லா படகும் வந்துடுச்சு அப்பா படகு மட்டும் வரல அம்மா வடிச்ச சோத்த யாரும் தொடல விடிஞ்சும் கரையிலயே இருந்தோம் தம்பி மணல்ல தூங்கிட்டான் அப்ப தூரத்துல ஒண்ணு தெரிஞ்சுது சித்தப்பா கத்துனாரு அது'

அவ்வளவுதான்.

திருப்பினாள். பின்பக்கம் வெள்ளை. கூடுதல் தாள் எதுவும் நழுவிவிட்டதா என்று மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

பெயர், சிவரஞ்சனி.

டீச்சர் டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். சாயங்கால மணி அடித்தால் பஸ்ஸில் திரும்பிவிடுகிறவள். கரையில் நடப்பது எதுவும் அவள் காதுக்கு வருவதில்லை.

பேனாவை மூடாமலே எழுந்தாள்.

குழாயடியில் சத்துணவுத் தட்டு கழுவும் வரிசை. கையில் தாளோடு டீச்சர் வேகமாக வருவதைப் பார்த்து யாரோ சொன்னார்கள்.

"செத்தடி சிவா."

சிவரஞ்சனி ஈரத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எழுதி முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிருச்சு டீச்சர். நீங்க கட்டுரை எழுதிப்போட்ட அன்னிக்கு நான் லீவு. அன்னிக்குத்தான் நாங்க கரையில…"

"அது கிடக்கட்டும். அப்பா வந்தாரா?"

குழாயை யாரும் மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

சிவரஞ்சனி டீச்சரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"முந்தாநாள் ரேங்க் கார்டுல கையெழுத்துப் போட்டது அவருதான டீச்சர். கோட்டுக்கு வெளிய போட்டிருக்காருன்னு நீங்கதான திட்டுனீங்க."

வரிசை மொத்தமும் சிரித்தது. சிவரஞ்சனியும்.

"வேற எழுதித் தரட்டா டீச்சர்? கொடைக்கானல் இப்ப மனப்பாடம்."

டீச்சர் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அறைக்குத் திரும்பி ரேங்க் கார்டுகளைக் கலைத்துத் தேடினாள்.

இருந்தது. கோட்டில் தொடங்கி, மேலேறி, பக்கத்துக் கட்டத்துக்குள் இறங்கி நின்ற கையெழுத்து. அழுத்தி எழுதியதில் அட்டையின் பின்புறம் புடைத்திருந்தது. அதைச் சுற்றி அவள் போட்ட சிவப்பு வட்டம்.

புடைத்த இடத்தை விரலால் தடவினாள். இன்னொரு தரம் தடவினாள்.

ஜன்னலுக்கு வெளியே, கட்டடங்களுக்கு இடையில், கொஞ்சம் கடல் தெரிந்தது. இந்த வருடம் முழுக்க அது அங்கேதான் இருந்திருக்கிறது.

அதைப் பார்த்தபடி டப்பாவைத் திறந்தாள்.

சோறு ஆறிப்போயிருந்தது. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.