ஜிபி சுற்றிக் காட்டிய ஊர்

"ஏதாச்சும் கண்டுபுடிச்சீகளா?" என்று கணவரின் காதைக் கடித்தாள் அன்னமேரி.

"இன்னும் இல்ல. முதல்ல சாப்பாடு வரட்டும்," என்றார் பவுல்ராஜ்.

ஜப்பானில் நாரா என்ற ஊரில், ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மகள் ஜிபி, கடைக்காரரிடம் அந்த ஊர் மொழியிலேயே எதையோ கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜிபி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு வந்து மூன்று வருடமாகிறது. ஃபோனில் எப்போது கேட்டாலும் சூப்பராக இருக்கிறேன் என்பாள். லீவு நாள் வந்தால் வாராவாரம் பார்க், கோயில், ஹோட்டல் என்று சுற்றுவதாகச் சொல்வாள். அன்னமேரி அதை நம்பவில்லை. சொந்த ஊரான ஆனைக்கரையில் ஏலக்காய் எடுக்கும்போதெல்லாம் மகளை நினைத்து மூக்கைச் சிந்துவாள். கடைசியில் ஜிபியே டிக்கெட் அனுப்பிவைக்க, புருஷனும் பொண்டாட்டியும் ஒரு முடிவோடுதான் விமானம் ஏறினார்கள். பிள்ளை கஷ்டப்படுகிறாள் என்று தெரிந்தால் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. நன்றாக இருந்தால் நிம்மதியாக விட்டுவிட்டு வருவது.

கண்டுபிடிக்கும் பொறுப்பு பவுல்ராஜுடையது. குமுளியில் சுற்றுலா ஜீப் ஓட்டியே தலை நரைத்தவர். ஊருக்கு யார் புதுசு, யார் பழசு என்று நடையை வைத்தே சொல்லிவிடுவார். அதில் தன்னை ஒருத்தரும் ஏமாற்ற முடியாது என்று அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காலையிலிருந்து ஜிபி ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. எந்த பஸ், எங்கே இறங்குவது, பெரிய புத்தர் கோயிலுக்கு எந்தப் பக்கம் போவது எல்லாம் அவளுக்கு அத்துப்படியாக இருந்தது. புத்தர் சிலையின் உயரம், அது செய்யப்பட்ட கதை என்று நடந்துகொண்டே அடுக்கினாள். அவ்வப்போது ஃபோனை எடுத்துப் பார்த்தாள். வேலை இடத்திலிருந்து மெசேஜ் வருகிறதாம்.

பவுல்ராஜுக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் லீவு விட்டால் ஜீப்பின் முன் சீட்டில் அவளையும் ஏற்றிக்கொள்வார். வந்தவர்களுக்கு அவர் சொல்வதையெல்லாம் இவளும் மழலையில் திருப்பிச் சொல்வாள். மதியம் விருந்தாளிகள் ஹோட்டலுக்குள் போய்விட, டிரைவர்களுக்குப் பின்பக்கம் இலை போடுவார்கள். அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே இலைதான். மீன் துண்டு அவளுக்கு, வெறும் குழம்பு இவருக்கு. அதை இன்று நினைத்தாலும் அவர் நாக்கில் அந்தக் குடம்புளி வாசம் வந்துவிடும். எத்தனை நல்ல நாள்கள் அவை.

ஆவி பறக்கும் குழம்பில் தடித்த நூடுல்ஸ் வந்தது. மேலே ஆளுக்கொரு பொரித்த இறால் கிடந்தது. ஜிபி தன்னுடையதை எடுத்து அப்பாவின் கிண்ணத்தில் போட்டாள். பவுல்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழியை ஆவியின் மேல் போட்டார்.

வெளியே வந்ததும் மனைவியிடம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"ஊரையே கையில வச்சிருக்கா. நிம்மதியா விட்டுட்டுப் போவோம்."

அன்னமேரி சிலுவை போட்டுக்கொண்டாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

அடுத்து பார்க். நம் ஊர் ஆடுகளைப் போல மான்கள் பயமில்லாமல் திரிந்தன. ஒரு தள்ளுவண்டியில் கூட்டம் மொய்த்தது. ஜிபி பழகியவள்போல நேரே போய், போர்டைக்கூட நிமிர்ந்து பார்க்காமல், ஒரு கட்டு வட்ட பிஸ்கட் வாங்கி வந்தாள். இந்த ஊர் ஸ்பெஷல், டீக்கு நன்றாக இருக்கும் என்றாள். மூவரும் பெஞ்சில் உட்கார்ந்து, ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்திருந்த ஆனைக்கரைத் தேயிலை டீயில் தொட்டுச் சாப்பிட்டார்கள். லேசாகத் தவிட்டு வாசம் அடித்தது. ஆனாலும் இனிப்பே இல்லை, சர்க்கரைக்காரருக்கு நல்லது என்று அன்னமேரி பாராட்டினாள். பக்கத்து வீட்டுக்கு இரண்டு கட்டு வாங்கிக்கொள்ளவும் தீர்மானித்தாள்.

ஒரு மான் எதிரே வந்து நின்று தலையைக் குனிந்து நிமிர்ந்தது. மரியாதை தெரிந்த மான் என்று அன்னமேரி பதிலுக்குக் கும்பிட்டாள்.

சிரித்துக்கொண்டே பவுல்ராஜ் பக்கத்து பெஞ்சைப் பார்த்தார். அங்கிருந்த ஜோடியிடமும் அதே பிஸ்கட் கட்டு. ஒன்றை உருவி மானிடம் நீட்டினார்கள். இன்னொன்றை இன்னொரு மானுக்குக் கொடுத்தார்கள். தள்ளுவண்டியைச் சுற்றி நின்றவர்களும் அப்படித்தான். ஒருவரும் வாயில் வைக்கவில்லை.

ஜிபியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் இருந்ததை அவள் மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

விஷயம் புரிந்ததும் அன்னமேரிக்குச் சிரிப்பு தாளவில்லை. மான் தீனியைத் தின்ன ஜப்பான் வரைக்கும் வந்தோமே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பவுல்ராஜ் சிரிக்கவில்லை.

"வாராவாரம் இங்க வர்றவளுக்கு இது தெரியாதா, தாயி?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஜிபி நிமிரவே இல்லை.

"லீவு நாள்ல படுத்துத் தூங்கத்தான்ப்பா தெம்பு இருக்கும். நானும் இன்னைக்குத்தான் இந்த ஊரைப் பாக்குறேன்."